ஒரே வாத்தியார்

ஆரம்பப் பள்ளி வாத்தியாரைப் பற்றி நம் கதைகளில் வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. அவர் ஏழை, மானஸ்தர், மூக்குப்பொடி போடுகிறவர், மூத்த பெண்ணுக்கு வரன் தேடி அலைகிறவர். ஆனால் அவரை வாத்தியாராகச் செய்தது யார், எந்த இடத்தில், எதைச் சொல்லிக் கொடுத்துச் செய்தார்கள் என்ற கேள்வியைக் கதாசிரியர்கள் அதிகமாகக் கேட்டதில்லை. நான் எழுதத் தொடங்கிய ஒரு நாவலில் இப்படி ஒரு கிராமத்து வாத்தியார் வந்து சேர்ந்தார். காலையில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார். பிற்பகலில் இங்கிலீஷ். நாலு மணிக்கு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருகிறார். மூன்றுக்கும் ஆள் ஒருவர்தான். இந்த மூன்றையும் அவருக்கு யார் கற்றுக் கொடுத்திருப்பார்கள் என்று யோசித்தேன். அந்த யோசனை என்னை நாவலை விட்டு வெகு தூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்து அண்ணாவிக்குப் பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது. அவருடைய தகப்பனார் அண்ணாவியாக இருந்திருப்பார். இல்லையென்றால் தாம் படித்த இடத்திலேயே சட்டாம்பிள்ளையாக இருந்து தொழில் பழகியிருப்பார். மொழிப் பாடம் மணலிலும் தொண்டையிலும் நடந்தது. விரலால் மணலில் எழுத்தை வரைய வேண்டும். வரையும்போதே அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கை தேறிய பிறகு ஓலையும் எழுத்தாணியும். தேகப்பயிற்சி என்று பெயர் சொல்லி எதுவும் இல்லை. தோப்புக்கரணமும் கோதண்டமும் அந்தக் கணக்கில் சேருமானால் பிள்ளைகளுக்கு அது குறைவில்லாமல் கிடைத்தது. ஓட்டமும் சடுகுடுவும் கிட்டிப்புள்ளும் தெருவின் பொறுப்பு; அண்ணாவிக்கு அதில் சம்பந்தம் இல்லை.

இந்த மணலைப் பார்த்து ஓர் ஆங்கிலேயப் பாதிரியார் பிரமித்துப் போனார். ஆங்கிலேயர் என்று சொல்வதுகூடத் தவறு. ஆண்ட்ரூ பெல் ஸ்காட்லாந்துக்காரர். 1787-இல் சென்னைக்கு வந்தவர், 1789-இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கு மேற்பார்வையாளரானார். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பிறந்து, ஆதரவற்றுப் போன பையன்கள் அங்கே இருந்தார்கள். சம்பளத்துக்கு அமர்த்திய உபாத்தியாயர்கள் சோம்பேறிகள் என்பது பெல்லின் அபிப்பிராயம். ஒரு நாள் அவர் குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தமிழர்களை மலபாரிகள் என்றுதான் சொன்னார்கள். ஆகவே அது நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடமே. பிள்ளைகள் மணலில் எழுதிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தவர், கீழ் வகுப்புக்கு இதே மாதிரி மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்படி தம் உபாத்தியாயரிடம் சொன்னார். உபாத்தியாயர் முடியாது என்றார். பெல் விட்டுவிடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்று எட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பையன் ஜெயித்தான்.

பெரியவர்கள் மறுத்ததை எட்டு வயதுப் பையன் செய்து காட்டியதிலிருந்து ஒரு பெரிய கல்வி முறையே பிறந்தது. 1796-இல் பெல் ஊருக்குத் திரும்பினார். மறு வருஷம் லண்டனில் தம் பரிசோதனையைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கும் அந்த முறைக்கு 'மதராஸ் முறை' என்றே பெயர். சர்ச்சைச் சேர்ந்தவர்கள் 1811-இல் சங்கம் அமைத்து, அதன்படி ஊர் ஊராக ஏழைப் பள்ளிகளைத் திறந்தார்கள். 1832-இல் இறந்த பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுச் சென்ற பணத்தில் அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் 'மதராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். நம்முடைய சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய் அங்கே கெளரவமாக உட்கார்ந்துகொண்டான்.

ஆனால் இந்தக் கதையில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. மதராஸ் முறையின் பெருமை அது மலிவு என்பதுதான். ஒரே வாத்தியாரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்த்துவிடலாம். பிள்ளைக்கு எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை குறைந்த செலவில் முடியும் என்று கேட்கிற பழக்கம் ஏழைகளின் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கே புகுந்துவிட்டது. அது இன்னும் வெளியே போனதாகத் தெரியவில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடத்தையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதற்கில்லை. பல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் 1823-இல் தம் ஜில்லாப் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தெலுங்கும் கன்னடமும் பேசும் சீமை அது. சட்டாம்பிள்ளை முறையை மனமாரப் புகழ்ந்துவிட்டு, அவர் ஒரு குறையையும் சொன்னார். பாடப் புத்தகங்கள் எல்லாம் செய்யுள். அந்த மொழி வேறு, பேசுகிற மொழி வேறு. பிள்ளைகள் கிளி மாதிரி ஒப்பிக்கிறார்கள். அர்த்தம் அவர்களுக்கும் தெரியாது, பல இடங்களில் வாத்தியாருக்கும் தெரியாது என்றார். நம் பக்கத்து அண்ணாவிகளைப் பற்றியும் இதையே சொல்லலாம். நாக்குக்குத் தெரிந்த பாட்டு புத்திக்குத் தெரியாமல் வாழ்நாள் முழுவதும் கூடவே வந்த பெரியவர்களை நம்மில் பலர் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம்.

அப்போது கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, ராஜதானி முழுவதிலிருந்தும் கணக்குக் கேட்டார். 12,498 பள்ளிக்கூடங்கள், 1,88,650 பிள்ளைகள் என்று கணக்கு வந்தது. மன்றோ 1826-இல் எழுதிய குறிப்பு சுருக்கமானது, ஆனால் மனிதர் விஷயத்தைப் பிடித்துவிட்டார். வாத்தியார்களுக்கு மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை. தகுதியுள்ளவன் இந்தத் தொழிலுக்கு ஏன் வருவான் என்று கேட்டார். சென்னையில் ஆசிரியர்களைத் தயாரிக்க ஒரு பள்ளி, ஜில்லாவுக்கு இரண்டு பள்ளிகள், தாலுகாவுக்கு ஒன்று என்று திட்டம் போட்டார். ஜில்லா வாத்தியாருக்கு 15 ரூபாய், தாலுகா வாத்தியாருக்கு 9 ரூபாய். மறு வருஷமே காலராவில் மன்றோ போய்விட்டார். திட்டம் நோஞ்சானாக ஒன்பது வருஷம் நடந்து, 1836-இல் பள்ளிகள் மூடப்பட்டன.

அதற்குப் பின்னால் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி உத்தரவில், ஆசிரியர்களைப் பயிற்ற 'நார்மல் ஸ்கூல்' வேண்டும் என்று கண்டிருந்தது. 1856-இல் சென்னையில் ஒன்று ஏற்பட்டது. அதுதான் பிறகு சைதாப்பேட்டைக்குக் குடிபோய், 'சைதாப்பேட்டை டிரெயினிங்' என்று மூன்று தலைமுறைக் குடும்பங்களில் பேசப்பட்ட காலேஜாக வளர்ந்தது. ஜில்லாக்களில் சிறு பயிற்சிப் பள்ளிகள் தோன்றின. கரும்பலகை, பாடக்குறிப்பு, மாதிரி வகுப்பு என்று தொழிலுக்கு ஒரு சடங்கு முறை வந்தது. தமிழைக்கூடச் சொல்லிக் கொடுக்க வழி இருக்கிறது என்று யாரோ முதல் தடவையாக வாத்தியாரிடம் சொன்னார்கள். அகரவரிசைப்படி தொடங்காமல், கைக்கு எளிதான எழுத்துக்களில் தொடங்கி, ட, ப, ம என்று எழுதி, உடனே 'படம்' என்று ஒரு சொல்லைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிற முறை இந்த வழியில் வந்ததுதான். அ, ஆ என்று நெட்டுருப் போட்டவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். 'ஆனா ஆவன்னா' தெரியாமல் என்ன படிப்பு என்று தாத்தாக்கள் சண்டைக்கு வந்ததும் உண்டு. என் கட்சி ட, ப, ம கட்சிதான். பிள்ளை முதல் வாரத்திலேயே ஒரு சொல்லைப் படித்துவிடுகிறதே, அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு வாதம் வேண்டாம்.

இனி டிரில். இது எங்கிருந்து வந்தது என்று தேடினால் சுவீடனுக்குப் போக வேண்டியிருக்கிறது. பெர் ஹென்ரிக் லிங் என்பவர் கத்திச் சண்டை வாத்தியார், கவிஞரும்கூட. இந்த இரண்டு தொழிலும் ஒரே ஆளிடம் இருந்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1813-இல் ஸ்டாக்ஹோமில் அவர் ஒரு தேகப்பயிற்சிக் கழகம் தொடங்கி, உடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் இன்ன அசைவு, இன்ன வரிசை என்று வகுத்தார். கழி, கம்பி, குதிரை எதுவும் இல்லாமல் வெறும் தரையில் நின்று செய்யக்கூடிய அப்பியாசங்களும் அதில் உண்டு. இதைக் கற்ற மார்ட்டினா பெர்க்மன் என்ற சுவீடன் பெண்மணியை 1881-இல் லண்டன் பள்ளிக்கூட போர்டார் அழைத்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் சில வருஷங்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளிப் பெண்களை முதல் தடவையாகக் கைகால் வீசச் செய்தார்.

அதோடு நின்றிருந்தால் டிரிலின் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் போயர் யுத்தம் வந்தது. பட்டாளத்தில் சேர வந்த ஆலைத் தொழிலாளர்களில் ஏராளமான பேர் மார்பு அகலம் போதாமலும் பல் சொத்தையாலும் தள்ளப்பட்டார்கள். சாம்ராஜ்யத்துக்குச் சிப்பாய் கிடைக்காதோ என்ற பயம் பிறந்தது. உடனே யுத்த இலாகா தன் சிப்பாய்ப் பயிற்சிப் புத்தகத்தைச் சற்றே மாற்றி, 1902-இல் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பி வைத்தது. பத்து வயதுப் பிள்ளைகளைத் துப்பாக்கிக்குப் பதிலாகக் கம்பைப் பிடித்து நிற்கச் சொன்னால் எப்படியிருக்கும்? வாத்தியார்களும் டாக்டர்களும் கூச்சல் போட்டார்கள். 1904-இல் அந்தப் புத்தகம் போய், லிங்கின் முறையைத் தழுவிய பாடத்திட்டம் வந்தது. அதே வருஷத்தில் அரசாங்கக் கமிட்டி ஒன்று விசாரித்துவிட்டு, பிள்ளைகள் நோஞ்சானாக இருப்பதற்கு முதல் காரணங்களில் ஒன்று அவர்கள் வயிறு காய்வதுதான் என்று கண்டுகொண்டது. இந்தக் கண்டுபிடிப்புக்குக் கமிட்டி வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். வேண்டியிருந்தது.

அந்தப் பாடத்திட்டமும் அதற்கு முந்திய பட்டாள வாசனையும் சேர்ந்து நம் ஊருக்கு வந்தன. அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ், லெஃப்ட் ரைட். இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்லத் தெரியாத வாத்தியாரும் இந்தச் சொற்களை மட்டும் கணீரென்று சொன்னார். பிள்ளைகளுக்கும் இங்கிலீஷில் முதலில் அர்த்தத்தோடு தெரிந்த சொற்கள் அநேகமாக இவைதாம். சொன்னவுடனே செய்தார்கள் அல்லவா? ஒரு மொழியை உடம்பு வழியாகக் கற்றுக் கொடுத்த வகுப்பு மைதானத்தில்தான் நடந்தது, யாரும் அப்படி நினைக்காமலேயே. டோக்கியோவில் இருந்த ஹரால்ட் பாமர் என்ற ஆங்கிலேயர் மட்டும் நினைத்தார். கட்டளை கொடுத்து, செய்யச் சொல்லி, செய்வதைச் சொல்லச் சொல்லி இங்கிலீஷ் கற்பிக்கும் முறையை 1925-இல் அவர் ஒரு புத்தகமாகவே போட்டார்.

தேகப்பயிற்சியைப் பட்டாளத்திலிருந்து பிரித்து நமக்குக் கொடுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கரைச் சொல்ல வேண்டும். 1920-இல் சென்னை எஸ்பிளனேடில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ஐந்தே மாணவர்களை வைத்துக்கொண்டு தேகப்பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு பள்ளி ஆரம்பித்தார். ஆசியாவிலேயே இந்த விதத்தில் அது முதலாவது என்று சொல்வார்கள். பின்னால் அது சைதாப்பேட்டைக்கு அருகே விசாலமான நிலத்துக்குப் போயிற்று. இன்றைக்கு நந்தனம் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய வீரர்களோடு பக்கும் போனார். ஆனால் அவர் கண் வீரர்கள் மேல் மட்டும் இல்லை. நோஞ்சான் பிள்ளையும் விளையாட வேண்டும். விளையாட்டில் சந்தோஷம் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கூடைப்பந்தோடு நம்முடைய சடுகுடுவுக்கும் அங்கே இடம் இருந்தது. தெருவின் பொறுப்பாக இருந்த ஆட்டத்துக்குக் கோடு போட்டு, விதி எழுதி, வாத்தியார் கையில் கொடுத்தார்கள். 1940-இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பக் 1943-இல் காலமானார்.

1920-இல் இன்னொன்றும் நடந்தது. ஆயிரம் விளக்கில் இருந்த கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில், தியாகராயச் செட்டியார் தலைமையில் இருந்த நகரசபை பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடத் தீர்மானித்தது. இந்த இரண்டு காரியங்களையும் செய்தவர்கள் ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளவில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே காரியந்தான். காலையில் சாப்பிடாமல் வந்த பையனைக் கையை உயர்த்து, குனி, நிமிர் என்று சொல்வது பயிற்சி ஆகாது. 1956-இல் காமராஜ் மதிய உணவை ராஜ்யம் முழுவதற்கும் கொண்டு போனபோது, டிரில் வாத்தியார்களுக்கு அவர் செய்த உபகாரத்தை யாரும் குறிப்பிடவில்லை.

டிரிலும் மொழியும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. அது பெரிய பிள்ளைகளின் சங்கதி. இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை. 1948-இல் ஏற்பட்ட தேசிய மாணவர் படையில் கட்டளைகள் ஹிந்தியில் இருந்தன. 'சாவ்தான்', 'விஷ்ராம்' என்று தமிழ்ப் பையன்கள் நிமிர்ந்தார்கள், தளர்ந்தார்கள். 1968 ஜனவரியில் சென்னைச் சட்டசபை இருமொழிக் கொள்கையைத் தீர்மானித்தபோது, மாணவர் படையில் ஹிந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பதும் அந்தத் தீர்மானத்தில் இடம் பெற்றது. எந்த மொழியில் சொன்னால் என்ன, காலை வைப்பது ஒன்றுதானே என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு சொல்லைக் கேட்டதும் உடம்பு கேள்வி கேட்காமல் பணிகிறதென்றால், அந்தச் சொல் யாருடையது என்பது முக்கியமான விஷயம்.

சுதந்திரத்துக்குப் பிறகு பள்ளிக்கூடங்கள் பெருகின. 1937-இல் வார்தாவில் கூடிய மகாநாட்டிலிருந்து வந்த ஆதாரக் கல்வியை, 1946 முதல் 1949 வரை கல்வி மந்திரியாக இருந்த அவினாசிலிங்கம் இங்கே பயிற்சிப் பள்ளிகளில் வேரூன்றச் செய்தார். தாய்மொழியும் கைத்தொழிலும் அதன் இரண்டு கால்கள். தக்ளி சுற்றத் தெரியாத வாத்தியார் வாத்தியாரே இல்லை என்று ஒரு காலம் இருந்தது. பிறகு காமராஜ் ஆட்சியில், சுந்தரவடிவேலு கல்வி டைரக்டராக இருந்தபோது, ஊருக்கு ஊர் பள்ளி வந்தது. ஓராசிரியர் பள்ளிகள் ஏராளம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வேலையில்லாமல் இருந்த எத்தனையோ பையன்களுக்கும் பெண்களுக்கும் அப்போதுதான் சோறு கிடைத்தது.

அவர்களில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்களுக்கு ஒரு பெரும் பயிற்சி நடந்தது. கீழ் வகுப்புக்களில் இங்கிலீஷ் ஆரம்பிக்கும் 27,000 வாத்தியார்களை மறுபடி பயிற்றுவது என்ற திட்டம் அது. 1950-களின் இறுதியில் தொடங்கி 1960-களுக்குள் நீண்டது. பிரிட்டிஷ் கவுன்சில் துணை இருந்தது. அதற்கு இரண்டு பெயர்கள். ஒன்று, சென்னை இங்கிலீஷ் பயிற்று இயக்கம் என்பதன் முதல் எழுத்துக்களைச் சேர்த்து 'மெல்ட்'. இன்னொன்று, 'மதராஸ் பனிப்பந்து'. முதலில் சிலரைப் பயிற்றுவது. அவர்கள் போய்ப் பலரைப் பயிற்றுவது. அந்தப் பலர் இன்னும் பலரை. பனியில் உருட்டிவிட்ட பந்து உருள உருளப் பெருக்கிற மாதிரி. பனியே பார்க்காத ஊரில் இப்படி ஒரு பெயர். அதற்குத் துணையாக 'உருகு' என்று அர்த்தம் வருகிற மற்றொரு பெயர். பெயர் வைத்தவர்கள் சிரித்துக்கொண்டே வைத்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.

என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? இங்கிலீஷை வாக்கிய அமைப்புக்களாகப் பிரித்து, சுலபமானது முதலில், கடினமானது பின்னால் என்று அடுக்கிய முறை அது. இலக்கணம் சொல்லாதே, தமிழில் மொழிபெயர்க்காதே, செய்து காட்டு என்றார்கள். வாத்தியார் கதவை நோக்கி நடந்தார். 'ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்' என்றார். பிள்ளைகள் நாற்பது பேரும் உட்கார்ந்த இடத்திலேயே, 'ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்' என்றார்கள். நடக்காமலே நடந்தார்கள்!

கேலி செய்வது சுலபம். ஆனால் அந்த வாத்தியாரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். அவர் இங்கிலீஷ் பேசிக் கேட்டது அபூர்வம். பந்தின் கடைசி அடுக்கில், நாலாவது கையாக, அவருக்கு வந்து சேர்ந்த பயிற்சியில் முறையின் உயிர் கொஞ்சம் தேய்ந்து, முறையின் அசைவு மட்டும் மிஞ்சியிருந்தது. இருந்தும் அவர் கூச்சத்தை விட்டு, முப்பது வயதுக்கு மேல், ஒரு வகுப்பின் முன்னால் ஜன்னலைத் திறந்து மூடி நடித்தார். எட்டு வயது ஃபிரிஸ்கனுக்கு இருந்த துணிச்சலுக்கு அது குறைந்ததல்ல.

அந்த முறையின் பலவீனத்தைப் பிற்பாடு நன்றாக எடுத்துச் சொன்னவர், சென்னைப் பிரிட்டிஷ் கவுன்சிலிலேயே வேலை பார்த்த என்.எஸ்.பிரபு. வாக்கியத்தைக் கவனிக்கச் சொல்லிக் கற்பித்தால் வாக்கியம் வராது. வேறொரு காரியத்தில் மனம் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானே உள்ளே இறங்கும் என்றார். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள். ரயில் நேர அட்டவணையைப் பார்த்து வண்டி கண்டுபிடி, வரைபடத்தைப் பார்த்து வழி சொல் என்பது மாதிரியான வேலைகள். 'பெங்களூர்த் திட்டம்' என்று உலகமெங்கும் இங்கிலீஷ் வாத்தியார்கள் அதைப் படித்தார்கள். எனக்கு அதில் சடுகுடு தெரிந்தது. பாடிக்கொண்டு எதிர்க் கட்சிக்குள் நுழைகிற பையன் மூச்சைப் பற்றி நினைப்பதில்லை. எவன் காலைத் தொடலாம் என்றுதான் நினைக்கிறான். மூச்சு தானே நீளுகிறது.

இப்போது ஆசிரியர் பயிற்சிக்கு இரண்டு வருஷப் பட்டயப் படிப்பு இருக்கிறது. 1986-ஆம் வருஷத்துக் கல்விக் கொள்கைக்குப் பிறகு ஜில்லாவுக்கு ஜில்லா பயிற்சி நிறுவனங்கள் வந்தன. நடுவே 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது வாத்தியார்கள் லை, ணை எல்லாவற்றையும் தாங்களே புதிதாக எழுதிப் பழகிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இரவோடு இரவாக அப்படி மாறிக்கொண்டதற்கு அவர்களுக்கு யாரும் மாலை போடவில்லை.

2009-இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையை ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து படித்தேன். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புக்களில் மொழிகளுக்கு ஒருவராவது இருக்க வேண்டும். நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் தேகப்பயிற்சிக்குப் பகுதி நேர ஆசிரியர் வேண்டும் என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், தையல், தேகப்பயிற்சி முதலியவற்றுக்கு 16,549 பேரை அப்படி நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாட்கள். மாதம் 5,000 ரூபாய். மன்றோ 1826-இல் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

முதல் ஐந்து வகுப்புக்களுக்கு அறுபது பிள்ளைகள் வரை இரண்டு வாத்தியார்கள் என்று அந்த அட்டவணை சொல்கிறது. மைதானம் இருக்க வேண்டும், வகுப்புக்கு வகுப்பு விளையாட்டுச் சாமான்கள் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த ஐந்து வகுப்புக்களில் மொழிக்கென்றோ தேகப்பயிற்சிக்கென்றோ தனி ஆள் சொல்லப்படவில்லை. தமிழும் இங்கிலீஷும் முடித்துவிட்டு, அந்த இருவரில் ஒருவர்தான் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும்.